அறு என்று எந்த விதியும் சொல்லவில்லை

நான் வளர்ந்த வீட்டில் இதைச் செய் என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. இதைச் செய்யாதே என்றுதான் சொல்வார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதே. வடிகட்டாத தண்ணீரைக் குடிக்காதே. மண்ணுக்கடியில் விளைந்ததைச் சமைக்காதே. வந்தவாசிக்குப் பக்கத்தில் ஒரு சமணக் கிராமம் எங்களுடையது. இந்த வேலிகளுக்குள் நிற்கும்வரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். என்ன படிக்கிறாய், யாரோடு சுற்றுகிறாய் என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. வேலி இருக்கிறது, அது போதும் என்று நினைக்கிற ஆள் அவர்.

ஒரு விரத நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அன்று கோயிலுக்குப் போய்வராமல் சாப்பிடக் கூடாது. பொழுது சாய்ந்தாலும் சாப்பிடக் கூடாது. கோயில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏதோ காரியமாகச் சேத்துப்பட்டுக்குப் போன பூசைக்காரர், பஸ் கிடைக்காமல் விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினார். எனக்கு ஒன்பது வயது. பசியில் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அம்மா பக்கத்தில் இருந்ததால் அவர்மேல் கோபப்பட்டேன்.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில், அலுவலக வேலைகளின் ஒழுங்கை மென்பொருளாக எழுதுவதுதான் எங்கள் பிரிவின் பிழைப்பு. பழைய முறை, வழி சொல்லும் முறை. முதலில் இது, பிறகு இது, பிறகு அது என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே போக வேண்டும். புதிதாக வந்த இன்னொன்றை டிக்ளரேட்டிவ் மாடல் என்றார்கள். அதில் வழி கிடையாது, வேலி மட்டும்தான். இது நடக்காமல் அது நடக்கக் கூடாது. இது நடந்தால் பிறகு அது நடந்தே தீர வேண்டும். இரண்டும் சேர்ந்து வரக் கூடாது. இப்படிச் சில விதிகளை எழுதிவிட்டால், அவற்றை மீறாதவரை வேலை செய்கிறவர் தன் விருப்பப்படி செய்துகொள்ளலாம். கூட இருந்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். எனக்கு அது எங்கள் வீடு மாதிரி இருந்தது, ஒரே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. அதில் கொஞ்சம் கர்வமும் வந்தது என்பதை மறைப்பானேன்.

கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது நானும் அதில் போனேன். மனைவிக்கு ஆரணியில் பள்ளிக்கூட வேலை. அவள் சம்பளத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தவனை, சில நூறு தறிகளுக்குப் பாவு கொடுத்துச் சேலை வாங்கும் ஒரு பட்டு நிறுவனத்தின் முதலாளி கூப்பிட்டார். நோட்டுப் புத்தகங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றார். அம்மாவுக்குத் தெரிந்தபோது சிரித்தார். புழுவைக் கொன்ற நூல் வேண்டாம் என்று பட்டே உடுத்தாத விரதம் அவருக்கு. பட்டு உடுத்தாதவள் பிள்ளை பட்டு நெசவுக்குச் சட்டம் போடப் போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். எனக்குத் தறியைப் பற்றித் தெரிந்ததெல்லாம், வாடகை வீட்டுக்குப் பின்சுவர் வழியாகக் கேட்கும் சத்தம் மட்டும்தான்.

ஒரு வாரம் எல்லோரையும் உட்காரவைத்து விதிகளைக் கேட்டேன். ஸ்டோர்காரர், எடை போடும் அம்மாள், டிசைன் பார்ப்பவர், கடைசியில் முதலாளி. கேட்ட கேள்வி ஒன்றுதான்: இங்கே எது கூடாது? ஆளுக்கு ஐந்தாறு சொன்னார்கள். முதலாளி இரண்டைத்தான் அழுத்திச் சொன்னார். பாவு வாங்கிப் போனவர் நாற்பது நாளைக்குள் முதல் சேலையைக் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பாவு திரும்பி வந்துவிட வேண்டும். அடுத்தது மிச்ச நூல்.

மிச்ச நூல் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். ஒரு பாவில் இரண்டு மூன்று சேலை நெய்து எடுத்த பிறகும், இனி நெய்ய முடியாது என்ற அளவில் கொஞ்ச நீளம் தறியிலேயே நின்றுவிடும். அதுவும் பட்டுதான். அது நிறுவனத்துக்குத் திரும்பி வர வேண்டும், பாதி வருவதில்லை என்பது முதலாளியின் குறை.

"மிச்ச நூல் தப்பவே கூடாது தம்பி. அதுக்கு ஒரு வழி பண்ணு."

இரண்டு வகையில் அதை எழுதலாம். புதுப் பாவு கொடுத்தால் பழைய மிச்சம் பிறகு வந்தே தீர வேண்டும் என்று எழுதலாம். அல்லது, பழைய மிச்சம் வராமல் புதுப் பாவு கொடுக்கக் கூடாது என்று எழுதலாம். முதல் வகையில் ஒரு தொல்லை உண்டு. பிறகு என்றால் எப்போது? இன்று வரவில்லை என்றால் நாளை வரலாம், மீறிவிட்டார் என்று எந்த நிமிடத்திலும் அடித்துச் சொல்ல முடியாது. இரண்டாவது வகையில் அந்தத் தலைவலி இல்லை. கதவைச் சாத்திவிடலாம். நான் கதவைச் சாத்தினேன். முதலாளியே வந்து சொன்னாலும் திறக்காதபடி சாத்தினேன். எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

விதியை நான் படித்துக் காட்டியபோது அறையில் இருந்த அத்தனை பேருக்கும், இது நடக்காத காரியம் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முதலாளி சொன்னதை முதலாளிக்கு முன்னால் யார் மறுப்பது?

மூன்று மாதம் திரையில் எல்லாம் பச்சையாகவே ஓடியது. மிச்ச நூல் முன்னைவிட ஒழுங்காக வந்தது. முதலாளி என் முதுகில் தட்டினார். வீட்டில் மனைவியிடம், விதி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசி அவளை அறுத்தேன்.

நான்காவது மாதம் அந்தப் பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய கணவர்தான் எங்கள் நெசவாளி. முந்தைய கோடையில் ஒருநாள் தறியில் உட்கார்ந்திருக்கும்போதே சரிந்தவருக்கு, வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சில மாதம் தறி சும்மா நின்றது. பிறகு அந்தப் பெண் தானே தறியில் இறங்கினார். அதுவரை குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்றிக் கொடுப்பதும் பாவு பிணைக்க உட்காருவதும்தான் அவர் வேலை. கணவரின் கட்டிலைத் தறிக்கு எதிரில் இழுத்துப் போட்டுவிட்டு, அவர் பார்க்கப் பார்க்க நெய்தாராம். தப்பு வந்தால் அவர் இடக்கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாராம். அப்படியே பாவில் நின்றிருந்த கடைசிச் சேலையை முடித்து, அதைக் கொண்டுவந்து கொடுத்து, நெசவாளர் பதிவையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு போயிருந்தார். ஒரே தறி. அந்த வீட்டுக்கு வேறு வருமானமும் இல்லை. இதெல்லாம் எடை போடும் அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது புதுப் பாவு கேட்டு வந்திருந்தார். திரையில் சிவப்புக் கோடு விழுந்தது. மிச்ச நூல் வரவில்லை.

"மிச்ச நூலைக் கொண்டாங்கம்மா. வந்ததும் பாவு குடுத்துடலாம்" என்றேன்.

"அது அச்சுல நிக்குதுங்க."

"அதத்தாம்மா கொண்டாரணும்."

அவர் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அறுத்துட்டா கொண்டார சொல்றீங்க?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "எப்படியோ ஒண்ணு கொண்டாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தாம நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஜல்தியா வந்தீங்கன்னா இன்னிக்கே வாங்கிகினு போயிடலாம்."

அவர் போய், மதியத்துக்கு மேல் ஒரு துணிக்கடைப் பையில் மிச்ச நூலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். எடை போடும் அம்மாள் பையைத் திறந்து பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தராசில் வைத்தார். திரை பச்சையானது. உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர் பாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு எடை போடும் அம்மாள் எழுந்து என் மேசைக்கு வந்தார்.

"சார், அந்தப் பொண்ணு நெஜமாவே அறுத்துகினு வந்துட்டா."

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு சின்னக் குழந்தைக்குச் சொல்வதைப் போலச் சொன்னார். பழைய பாவின் மிச்சம் தறியில் சும்மா நிற்பதில்லை. அதன் ஒவ்வோர் இழையும் விழுது என்கிற நூல் கண்ணிக்குள் நுழைந்து, சீப்பு மாதிரி இருக்கும் அச்சின் பல்லுக்குள் நுழைந்து நிற்கிறது. ஆயிரக்கணக்கான இழை. புதுப் பாவு வந்ததும் அதன் இழை ஒவ்வொன்றையும் பழைய இழையின் நுனியோடு பிணைத்து, மொத்தத்தையும் முன்னால் இழுப்பார்கள். பழையது வெளியே வர, புதியது அதன் பின்னாலேயே அச்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகுதான் பழைய மிச்சம் கைக்கு வரும். புதுப் பாவு இல்லாமல் பழைய மிச்சத்தை எடுக்க வேண்டுமென்றால் அறுக்கத்தான் வேண்டும். அறுத்துவிட்டால் அச்சு வெறுமையாகிவிடும். மறுபடி ஒவ்வோர் இழையாக, டிசைனுக்கு ஏற்ற வரிசை தப்பாமல் கோர்க்க வேண்டும். அந்த வேலை எல்லோருக்கும் வராது.

"அப்ப மூணு மாசமா மத்தவங்கல்லாம் எப்படிக் கொண்டாந்தாங்க?" என்று கேட்டேன்.

"வேற தறியில வந்தது, வீட்டுல பொட்டியில கெடந்த துண்டு நூலு, பக்கத்து வூட்டுல கேட்டு வாங்கினது. எது வந்தாலும் நான் எடை போட்டு ஏத்திட்டேன். உங்க பொட்டி எந்த நூலுன்னா பாத்துச்சு? எதுனா ஒரு நூலக் கொண்டாந்து குடுன்னு எல்லாருக்கும் ஸ்டோருல சொல்லி அனுப்புவாங்க சார். இது புதுசு, இதுக்கு யாரும் சொல்லல. ஒரு தறிதான் வேற. நானாவது சொல்லியிருக்கணும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ரூலுதானே கேட்டீங்க. தறியப் பத்திக் கேக்கலியே."

கோபம் தலைக்கு ஏறியது. என்னை வைத்துப் பொம்மை விளையாட்டு விளையாடியிருக்கிறார்கள் என்று அன்று மாலை வீட்டில் கத்தினேன். நெசவாளர்கள் பொய் நூல் கொடுக்கிறார்கள், ஊழியர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள், இந்த ஊரே இப்படித்தான் என்றேன். மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே கேட்டாள்: "ஒழுங்கா நடந்துகினது ஒரே ஒரு ஆளு. அவளத்தான் ஒன் சட்டம் புடிச்சிருக்கு. இல்ல?" நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். பொழுது சாயும் நேரம் வேறு.

மறுநாள் விதியைத் திருத்தினேன். "முன்பு" என்று இருந்ததை எடுத்துவிட்டுப் "பிறகு" என்று போட்டேன். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு யாருக்கும் அந்தத் தொல்லை வரவில்லை, அந்தப் பெண்ணைத் தவிர. அவருடைய தறி அறுபட்டது அறுபட்டதுதான். அதைத் திருத்த என்னிடம் ஒரு பொத்தானும் இல்லை.

கோர்க்கத் தெரிந்தவர்கள் ஊரில் சிலர் இருக்கிறார்கள். அது முகூர்த்த மாதங்களுக்கு முந்தைய சமயம், எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் நேரம் இல்லை. நானே இரண்டு பேர் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஒருவர் அடுத்த வாரம் என்றார், அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார். சந்தவாசல் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் அவர் வீட்டில் ஏதோ துக்கம் என்று போனவர் திரும்பவில்லை. மிச்சத்தை அந்தப் பெண்ணே கோர்க்கப் பார்த்து, வரிசை தப்பி, பிரித்து, மறுபடி கோர்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எதிரே கிடப்பவருக்கு எல்லாம் தெரியும். சொல்ல வாய் இல்லை, கோர்க்கக் கை இல்லை.

நாற்பது நாள் ஓடிவிட்டது. நான் எழுதிய அடுத்த விதி எழுந்து நின்றது: முதல் சேலை வரவில்லை, பாவு திரும்பட்டும். முதலாளியிடம் போய் இந்த ஒருவருக்கு மட்டும் தள்ளிப் போடலாம் என்று கேட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"நானே சொன்னாலும் தொறக்காதுன்னு நீதானப்பா சொன்ன. இப்ப எனக்குச் சொல்லித் தர்றியா?"

"தப்பு என்னுதுங்க."

"இருக்கட்டும். அந்தப் பாவு கல்யாண ஆர்டருக்கு ஓட்டினது. வேற தறிக்குப் போயாகணும். அந்தம்மாவுக்கு அப்புறம் பாக்கலாம். நீயே போய் வாங்கிகினு வந்துடு, ஆளு அனுப்பினா மரியாதையா இருக்காது."

அதில் அவருடைய நல்ல மனசும் இருந்தது, என்னைக் குத்தும் ஆசையும் இருந்தது. நான் போனேன்.

காலை பத்து மணி. ஒரே அறை, பின்னால் சமையலுக்குத் தடுப்பு. அறையின் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது. அச்சில் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு இழைகள் கோர்த்திருந்தன, மீதி வெறும் பல். எதிரே கட்டிலில் அந்த மனிதர் தறியைப் பார்த்தபடி படுத்திருந்தார். நான் நினைத்திருந்ததைவிட இளையவர். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

அந்தப் பெண் என்னைக் கண்டதும் எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. கோர்த்திருந்த ஒரு சாண் இழையையும் பொறுமையாக உருவி எடுத்து, பாவைச் சுற்றி, வெள்ளைத் துணியில் கட்டி என் கையில் கொடுத்தார். "ஒரு எழ கொறையாதுங்க. எடை போட்டுக்குங்க."

மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

"ஒரே ஒரு ஒதவி பண்ணுங்க சார். அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

"இன்னான்னு சொல்லணும்மா?"

அவர் என்னைத் தடுப்புக்குப் பின்னால் வரச் சொல்லித் தணிந்த குரலில் பேசினார். "எங்க வூட்டுல அச்சுல நிக்கிற பாவ சும்மா அறுக்கமாட்டோங்க. நெய்யிறவரு போய்ச் சேந்துட்டா, பதினாறாம் நாளு கழிச்சு அறுப்பாங்க. அவங்க அப்பாவுக்கு அப்படித்தான் அறுத்தாங்க, இவருதான் கத்தரி புடிச்சாரு. அந்த அச்சுல நின்னது எல்லாமே இவரு கோத்தது சார். விழறதுக்கு முன்னாடி கோத்தது. அன்னிக்கு நான் அறுக்கறப்ப பாத்துகினே இருந்தாரு. கட்டில தட்டினாரு, தட்டினாரு, நான் நிறுத்தல. பாவு வாங்கணுமேன்னு அறுத்துட்டேன். அன்னியிலருந்து என் கையால ஒரு வாய் வாங்கமாட்டேன்றாரு. அவரு தங்கச்சி வந்து ஊட்டினா வாங்கறாரு. அவளும் தெனம் வர முடியுமா? அவரு எழுந்திருக்கமாட்டாருன்னு நான் முடிவு கட்டிட்டேன்னு நெனச்சுகினு இருக்காரு. நான் எவ்ளோ சொல்லியும் ஏறல. நீங்க ஆபீசு ஆளு. ரூலு அப்படின்னு நீங்க சொன்னா நம்புவாரு."

கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கையில் அந்தப் பாவு இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "ஐயா, அவங்க மேல ஒண்ணும் தப்பு இல்ல. ரூலு அப்படி இருந்துச்சு" என்று ஆரம்பித்தேன்.

அவர் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"எந்த ரூலுன்னு சரியா சொல்லுங்க சார். அவருக்குப் புரியும்" என்றார் அந்தப் பெண்.

மனதுக்குள் எல்லா விதிகளையும் ஓட்டிப் பார்த்தேன். மிச்சம் வராமல் பாவு இல்லை. நாற்பது நாளில் சேலை. நான் எழுதியவை, ஒரு வார்த்தை பிசகாமல் தெரியும். அறு என்று எந்த விதியும் சொல்லவில்லை. இரண்டு விதிகளுக்கு நடுவில் இருந்த இடத்தில்தான் அந்தக் கத்தரி இருந்தது. நான் எழுதியது ஒன்று, புதுப் பாவு வராமல் மிச்சம் வராது என்று தறி தானே வைத்திருந்தது ஒன்று. இதை ஒரு வகுப்பில் பலகை முன்னால் நின்றால் விளக்கிவிடுவேன். பேச முடியாமல் படுத்திருக்கும் ஒருவருக்கு, உன் மனைவி உன்னை முடித்துவிடவில்லை என்பதை அதை வைத்து எப்படி விளக்குவது?

"ரூலு இல்லீங்க. நான்தான் அறுக்கச் சொன்னேன்" என்றேன். "எனக்குத் தறி தெரியாது. தெரியாம சொல்லிட்டேன். அவங்க மாட்டேன்னுதான் நின்னாங்க."

அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். அவர் விழுந்த நாளிலிருந்து அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒவ்வொருவரும், பொங்கலுக்குள் நடந்துவிடுவீர்கள், முகம் தெளிவாகிவிட்டது, கை அசைகிறது என்று அவர் மனம் நோகாமல் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார்கள். என்னையும் அவர்களில் ஒருவனாக வைத்துவிட்டார் என்பது அவர் கண்ணை மூடிய விதத்திலேயே தெரிந்தது.

அந்தப் பெண்ணுக்கு அது தெரியவில்லை. ஆபீஸ்காரர் சொல்லிவிட்டார் என்று நம்பி அவசரமாக உள்ளே போனார். ஒரு டம்ளரில் கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கணவரின் தலையைத் தூக்கித் தன் முழங்கையில் தாங்கிக்கொண்டார். நான் எழுந்து போகவும் முடியாமல் பாவோடு நின்றேன். அந்தப் பெண் ஒரு கரண்டி கஞ்சியை வாயருகே கொண்டுபோனார். அந்த மனிதர் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.